நெறி கட்டியது

டாக்டரின் விரல் என் இடது அக்குளில் ஓரிடத்தில் நின்று அழுத்தியது. அம்மாவின் விரலும் இப்படித்தான் நின்றது, எழுபதுகளின் கடைசியில், வடக்கே கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில்.

எனக்கு எட்டு வயது. போகக்கூடாதென்று அம்மா சொல்லியிருந்த கட்டட வேலை இடத்தில் துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு, கம்பளி சாக்ஸுக்குள் பாதத்தை ஒளித்திருந்தேன். காய்ச்சலை ஒளிக்க முடியவில்லை. அம்மா தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"நெறி கட்டியிருக்கு. கால்ல எங்க புண்ணு?"

"புண்ணே இல்லம்மா."

"புண்ணு இல்லாம நெறி கட்டாதுடி. விஷம் மேல ஏறாம அது மறிச்சு நிக்குது. ஜல்தி, சாக்ஸைக் கழட்டு."

பாதம் சிவந்து வீங்கியிருந்தது. அம்மா அடிக்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

இப்போது டாக்டர் ஸ்கேனுக்கு எழுதுகிறார். நான் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு கீறல்கூட இல்லை.