மொச்சையின் தும்மல்

முதல் தும்மல் வந்தபோது நான் "நூறு" என்றேன்.

எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவர் "நூறு" என்று சொல்ல வேண்டும். நூறு வயது இருக்கட்டும் என்று பொருள். அடுத்த தும்மலுக்கு இருநூறு. அன்று மொச்சை எண்ணூறு வரை போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து நான் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அந்த "நூறு"தான் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அப்போது மாலை நான்கு மணி.

மொச்சை என் முயல். வீட்டில் முயல் வைத்துக்கொண்டு, அது தும்முவதைப் பார்த்து, "சளிதானே, தானாகச் சரியாகிவிடும்" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை, வைத்தியம் வேறு பார்த்தேன்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. பெங்களூர் விவேக் நகரில் முதல் மாடியில் வீடு. காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக, மற்றவர்களின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை வீட்டிலிருந்தே படித்துச் சரிபார்க்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் நானுமாக இருந்தோம். அம்மாவுக்கு சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் சுருங்கி, நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோகும் நோய்). கடைசி மூன்று வருடம் அவளுடைய மூச்சைக் கேட்டபடியேதான் என் நாட்கள் போயின. டிசம்பரில் அம்மா போனாள். அதன்பிறகு வீட்டில் காது கொடுத்துக் கேட்க ஒன்றுமில்லை.

மே மாத லீவுக்கு ஊருக்குப் போன மேல்வீட்டுக் குடும்பம் முயலை என்னிடம் விட்டுவிட்டுப் போனது. "பத்தே நாள் ஆண்ட்டி, ஏதாச்சும் கீரை போட்டா போதும்" என்றாள் அந்தப் பெண். பதினைந்தாம் நாள் போன் வந்தது. "நாங்க ஹைதராபாத்துக்கே ஷிஃப்ட் ஆயிட்டோம் ஆண்ட்டி. நீங்களே வச்சுக்கோங்க. உங்களுக்கும் தொணையா இருக்கும்."

அந்தத் "தொணை" என்ற வார்த்தை எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்குத் துணை வேண்டும் என்று யாரிடமும் விண்ணப்பம் போடவில்லையே. ஆனாலும் முயலைத் தெருவில் விடவா முடியும்? அவர்கள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளை முதுகில் மொச்சைக்கொட்டை போல ஒரு பழுப்புப் புள்ளி இருந்ததால் நான் மொச்சை என்று கூப்பிட்டேன். பால்கனியில் கூண்டு வைத்தேன். ஜூலையில் மழை பிடித்துக்கொண்டதும் கூண்டை ஹாலுக்குள் கொண்டுவந்து, அம்மா படத்துக்குக் கீழே வைத்தேன். அடுத்த வாரம் தும்மல் ஆரம்பித்தது.

இங்கே சாம்பிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அந்த வாசனை என்றால் உயிர். ஆனால் நோய் வந்தபிறகு துளிப் புகை பட்டாலும் மூச்சு இழுக்கும். அதனால் தூபக்காலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். அவளுக்கு அதில் வருத்தம். "நான் இருக்கற வரைக்கும் வேணாம்டி. போனப்புறம் தாராளமா போடு" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பரணிலிருந்து தூபக்காலை இறக்கினேன். வெள்ளிக்கிழமை தவறாமல், கொட்டாங்குச்சியைக் கனலாக்கி, அம்மா படத்துக்குச் சாம்பிராணி போட்டேன். அவள் சொன்னபடி தாராளமாகவே போட்டேன்.

மொச்சைக்குச் சளி என்று நானே முடிவு செய்ததும் அதைத் தினசரியாக்கினேன். நம் வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணிப் புகையில் காட்டுவார்கள், சளி பிடிக்காமல் இருக்க. நானும் மொச்சையைத் துண்டில் சுற்றிப் புகையில் காட்டினேன். திமிறியது. எந்தக் குழந்தைதான் திமிறாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாறு நாளில் அதன் முன்னங்கால்களில் மயிர் ஈரமாகிச் சடை பிடித்தது. பக்கத்துத் தெருவில் இருந்த மருத்துவர், "நாய், பூனைதான் மேடம் நான் பாக்கறது. மொயலுக்கு வேற டாக்டர் இருக்காங்க" என்று ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். மறுநாள் அங்கே கிளம்பி வாசல்படியில் கால் வைக்கும்போது மொச்சை தும்மியது. சகுனத் தடை. உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்பினேன். மறுபடியும் தும்மியது. நோயாளியே தும்மினால் சகுனம் பார்க்க முடியாது என்று ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். வீட்டில் கன்னடம், வெளியில் எல்லா பாஷையும். முன்னங்காலைத் தடவிப் பார்த்ததுமே சொன்னாள்: "மூக்கு ஒழுகுது மேடம். அதை இந்தக் கையாலதான் தொடச்சுக்குது." பல்லைக் கருவி வைத்துப் பார்த்தாள். மேல்பல்லின் வேர் நீண்டு மூக்கறையை அழுத்தினாலும் முயல் தும்முமாம். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாள். முயல் அநேகமாக மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூக்கு அடைத்தால் அதற்கு வேறு வாசல் இல்லை.

"பாக்டீரியாவா இருக்கலாம், அலர்ஜியாவும் இருக்கலாம்" என்றாள். அலர்ஜி (உடம்பு ஒரு தூசியையோ வாசனையையோ எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போவது) என்றால் எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டும். வைக்கோலில் தூசி உண்டா, கூண்டில் மரத்தூள் போடுகிறேனா, கொசுவத்தி உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"வீட்ல பொகை ஏதாவது இருக்கா மேடம்? யாராவது ஸ்மோக் பண்றாங்களா?"

"இல்லம்மா. நான் ஒருத்திதான்."

நான் பொய் சொல்லவில்லை. சாம்பிராணி புகை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது பூஜை, அது வெள்ளிக்கிழமை, அது அம்மா. புகை என்றால் சிகரெட். தினமும் நூறு பேருடைய காகிதத்தில் "புகைப்பழக்கம் உண்டா" என்ற கேள்வியைச் சரிபார்க்கிறவள் நான். என் மூளையில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

ஆன்டிபயாடிக் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) கொடுத்தாள். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகத் துளித்துளியாக விட வேண்டும். வைக்கோலைப் பால்கனியில் உதறித் தூசி போக்கிவிட்டு வைத்தேன். மருந்து ஒரு பக்கம், சாம்பிராணி ஒரு பக்கம். பத்து நாளாகியும் தும்மல் குறையவில்லை. சென்னையிலிருக்கும் தம்பியிடம் போனில் சொன்னேன்.

"ஒரு மொயலுக்கா இவ்ளோ அலைச்சல்? போனா வேற வாங்கிக்கலாம்க்கா" என்றான்.

நல்ல மனதுடன்தான் சொன்னான். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். வேறு வாங்கிக்கொள்ள முடியாதவற்றின் கணக்கு எனக்குத்தான் தெரியும்.

கடைசி ஆடி வெள்ளி. அன்று கொஞ்சம் அதிகமாகவே போட்டேன். மாலையில் கொத்தமல்லித் தழையை நீட்டியபோது மொச்சை வரவில்லை. காலையில் வைத்த வைக்கோல் அப்படியே இருந்தது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் முதுகைக் குவித்து, கழுத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த உட்காரல் எனக்குத் தெரியும். அம்மா கடைசி மாதங்களில் கட்டில் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

மொச்சையைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு என்னாச்சு மேடம்?" என்றார். "மூச்சு விட முடியல" என்றேன். குழந்தை இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. அவர் சந்து சந்தாகப் புகுந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்.

டாக்டர் துண்டோடு வாங்கினாள். வாங்கியவள் நின்றாள். துண்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

"மேடம், இது என்ன வாசனை?"

"சாம்பிராணி."

"எங்க போடறீங்க?"

"ஹால்ல. அம்மா படத்துக்கு."

"மொயல் எங்க இருக்கு?"

"ஹால்லதான். படத்துக்குக் கீழ."

"பொகை இருக்கான்னு கேட்டேனே மேடம்."

"அது பொகைன்னு தோணலைம்மா. சளி போகட்டும்னு தினம் போட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மொச்சையை உள்ளே எடுத்துப்போய்ப் பிராணவாயு வைத்தாள். சூடு கொடுத்தாள், வலிக்கும் நீர்ச்சத்துக்கும் ஊசி போட்டாள். முயல் அரை நாள் சாப்பிடாவிட்டாலே ஆபத்து, ஜி.ஐ. ஸ்டேசிஸ் (குடல் அசைவு நின்றுபோதல்) வந்துவிடும், அதில் உயிரே போகலாம் என்று ஒரு உதவியாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். யாருக்காவது சொல்லலாம் என்று போனை எடுத்து, பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளினேன். முழுக்கப் போய்விட்டுத் திரும்ப மேலே வந்தேன். "அம்மா" என்று ஒரு எண் இன்னும் இருந்தது. போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மொச்சை இரண்டு நாள் அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் டாக்டர் அதை வீட்டுக்கு அனுப்பும்போது, "தினம் ரெண்டு வேளை நெபுலைசர் வைக்கணும், உப்புத்தண்ணி மருந்து மட்டும்தான். மெஷின் வாடகைக்குக் கிடைக்கும் மேடம்" என்றாள். நெபுலைசர் (மருந்தை மெல்லிய பனிபோல ஆக்கி மூச்சில் சேர்க்கும் கருவி).

"எங்கிட்ட இருக்கு" என்றேன்.

அம்மாவின் பீரோவில், அவள் சால்வைக்கு அடியில் இருந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எட்டு மாதமாக நினைத்து, எட்டு மாதமாகக் கொடுக்காத கருவி. குழாயையும் மருந்துக் கிண்ணத்தையும் புதிதாக வாங்கிக்கொண்டேன். டாக்டர் காட்டிக்கொடுத்தபடி மொச்சையைத் தூக்கிப்போகும் கூடையில் வைத்து, காற்றுக்கு இடம் விட்டு மேலே துணி மூடி, குழாயை உள்ளே விட்டு, சுவிட்சைப் போட்டேன். அந்த மோட்டார் சத்தம் கேட்டதும் என் கை தானாக அம்மாவின் முதுகைத் தடவத் தேடியது. "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்றேன். அம்மாவிடம் சொல்கிற அதே குரலில் சொன்னேன். பத்து நிமிடத்துக்கு அப்படித்தான் சொல்வது வழக்கம்.

மறுநாள் காலை கூண்டில் ஏழு புழுக்கை கிடந்தது. உருண்டையாக, நல்ல அளவில். தம்பிக்குப் போன் செய்தேன். "மொச்சை புழுக்கை போட்டிருக்குடா." அவன் சிரித்தான். "சந்தோஷம்க்கா" என்றான். பிறகு, "நீ சாப்டியா?" என்று கேட்டான். அம்மா போனபிறகு அவன் அதைக் கேட்டது முதல் தடவை.

புகை நின்ற மூன்று வாரத்தில் தும்மல் முக்கால்வாசி குறைந்தது. "அலர்ஜிதான்னு உறுதியா சொல்ல முடியாது மேடம். பொகையை நிறுத்தினதும் குறைஞ்சிருக்கு. அவ்ளோதான் தெரியும். முழுசாப் போகாமலும் இருக்கலாம்" என்றாள் டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அவளை எனக்குப் பிடித்துவிட்டது. உங்களிடமும் மருத்துவர் புகை உண்டா என்று கேட்டால், ஊதுவத்தி, கற்பூரம், சாம்பிராணி, தாளிப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சாமிக்கு என்பதால் நுரையீரல் விட்டுவிடாது. நமக்குக் கொடுத்த மாத்திரையை உடைத்து முயலுக்குக் கொடுக்காதீர்கள். அது சாப்பிடாவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

அம்மா படத்துக்கு இப்போது பூ மட்டும்தான். புகை பட்டு மூச்சுத் திணறியவளுக்கு எட்டு மாதம் புகை காட்டியிருக்கிறேன். "தாராளமா போடு" என்று அவள் சொன்னதில் பாதி கேலி, பாதி ஏக்கம். எனக்கு இரண்டும் கேட்கவில்லை, உத்தரவு மட்டும் கேட்டிருக்கிறது.

முயலின் ஆயுள் எட்டு, பத்து வருடம் என்கிறார்கள். மொச்சைக்கு இரண்டு ஆகிவிட்டது. என் நாள் இப்போது அதன் மூக்கின் அசைவால் பிரிந்து கிடக்கிறது. காலை எழுந்ததும் முன்னங்கால் ஈரமா என்று பார்க்கிறேன், பிறகு வைக்கோல் குறைந்திருக்கிறதா, பிறகு புழுக்கை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சில நேரம் என் மூச்சே எனக்குக் கேட்கிறது. மூக்கால் இழுத்து, மூக்கால் விடுகிறேன். இத்தனை வருடம் இது எனக்குக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டில் சாம்பிராணி போடுவார்கள். புகை எங்கள் ஜன்னலுக்கு ஏறி வரும். எழுந்து போய் மூடுகிறேன். இடது கதவு இறுகும், தோளால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். அம்மாவுக்காக மூன்று வருடம் இதே நேரத்தில் இதே கதவைத் தள்ளியிருக்கிறேன். நடுவில் எட்டு மாதம், மழை பெய்தால் தவிர, அது திறந்தே கிடந்தது. யாருக்காக மூடுவது?

போன வெள்ளிக்கிழமை மூடிவிட்டுத் திரும்பினேன். மொச்சை ஒரு தும்மல் தும்மியது.

"நூறு" என்றேன்.

இருநூறு சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அது முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வைக்கோலைத் தின்னப் போய்விட்டது.