டி எழுத்து யாருக்கு

நாகல்கேணியில் ஒரு தோல் ஏற்றுமதி ஆபீசில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த இரண்டாம் வருடம் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வந்து, பஸ் மாறிப் போவேன். எங்கள் நிறுத்தம் நெருங்கும்போது பஸ்ஸில் பாதிப்பேர் தோல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பொத்தாதவர்கள் அங்கே வேலை பார்க்கிறவர்கள்.

கம்ப்யூட்டருக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டு ஏசி வைத்தார் முதலாளி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். டைப் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்த அறை எனக்குக் கிடைத்தது. சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது.

மெஷினுக்குள் நாலைந்து குட்டி புரோகிராம்கள் இருந்தன. தோல்களின் சதுர அடியைக் கூட்ட ஒன்று, கட்டுகளுக்கு லேபிள் அடிக்க ஒன்று, கடிதம் அடிக்க ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில் கிடந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, கறுப்புத் திரையில் நீளநீளமாக வரி அடிக்கவேண்டும். ஒரு சாய்கோடு திரும்பிவிட்டால் போச்சு, தப்பான கட்டளை என்று திட்டும். வரிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தேன். மூன்று லேபிள் அடிப்பதற்குள் டீ நேரம் வந்துவிடும்.

மெஷினைப் பழுதுபார்க்க வந்த இன்ஜினியர் அந்தத் தாளைப் பார்த்தார்.

"இதெல்லாம் தினமும் அடிக்கிறீங்களா? ஒரு ஃபைல்ல எழுதி வச்சிடுங்க. ஃபைல் பேரை அடிச்சா போதும், உள்ள இருக்கிற வரியெல்லாம் அதுவே ஓடும்."

அவ்வளவுதான் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

லேபிளுக்கான நான்கு வரிகளை ஒரு ஃபைலில் எழுதி, அதற்கு 'எல்' என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்தேன். எல் அடித்தேன். என்டர் தட்டினேன். லேபிள் புரோகிராம் பளிச்சென்று வந்து நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெளியே போய், மறுபடி எல், என்டர். மறுபடி வந்தது. பத்துப் பதினைந்து தடவை அதையே செய்திருப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்பாட்ச் பார்க்கும் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்று கேட்டாள்.

அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை. சதுர அடிக்கு எஸ், கடிதத்துக்கு கே. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் மனதுக்குள் ஒவ்வொரு எழுத்து கொடுத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு "எம்" என்று பதில் சொன்னேன். மெனுவுக்கு எம். அதுதான் என் மகுடம். எம் தட்டினால் இரட்டைக்கோட்டுக் கட்டத்துக்குள் எல்லா எழுத்தும் பெயரோடு வரிசையாக வரும். ஒவ்வொரு ஃபைலிலும் கடைசி வரி எம். வேலை முடிந்ததும் தானாகவே பட்டியலுக்குத் திரும்பிவிடும்.

பட்டியலைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆளுக்கொரு எழுத்து வேண்டியிருந்தது. அக்கா செங்கல்பட்டு வரை போகிறவள். அவளுக்கு மின்சார ரயில் நேரங்களை அடித்து டி எழுத்தில் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் தோல் தரம் பிரிக்கும் மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருடைய ஆட்கள் பதினாலு பேர். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வேண்டாம், யாருக்குப் பால் என்று தினமும் டீக்கடையில் குழப்பம்.

"இன்னாம்மா, எனக்கும் ஒரு லிஸ்ட்டு போட்டுக் குடு. டீ லிஸ்ட்டு. டி எழுத்துல வையி."

"டி அக்காவோடதுண்ணா. ரயிலுக்கு."

"இது இன்னா நியாயம்? எழுத்துக்குப் பேரே டீ. அத்த போய் ரயிலுக்கு வச்சிகினு கீறியே!"

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "டிரெயினுக்கு முதல் எழுத்து டி. பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்" என்றாள். நாலு நாள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி உள்ளே வந்து என்னிடம் வாதாடினார்கள். பாதி ஏசிக்காக என்று நினைக்கிறேன். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மேஸ்திரி ஜெயித்தார்.

மறுநாள் காலை, இத்தாலியிலிருந்து தோல் வாங்குபவர் அன்று வரப்போகிறார் என்று ஆபீசே அமர்க்களப்பட்டது. அந்த அவசரத்தில்தான் ரயிலை ஆர் எழுத்துக்கு மாற்றிவிட்டு, டி ஃபைலில் டீ லிஸ்டை அச்சடிக்கும் வரியை எழுதினேன். கடைசி வரியில் எம் போடவேண்டிய இடத்தில், கை தவறி, டி என்றே போட்டுவிட்டேன். அதைக் கவனிக்கவும் இல்லை.

பதினோரு மணிக்கு முதலாளி அந்த வெள்ளைக்காரரைக் கண்ணாடி அறைக்கு அழைத்துவந்தார். பின்னாலேயே முதலாளியம்மா. விருந்தாளிக்கு வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவந்திருந்தார்கள். அக்காவும் மேஸ்திரியும் வாசலில் நின்றார்கள். எம் தட்டினேன். பட்டியல் வந்தது. வெள்ளைக்காரர் தலையாட்டினார். முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"டிரெயின் டைம்கூட சொல்லும் சார்!" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பட்டியலைப் படிக்காமலே பழைய ஞாபகத்தில் டி தட்டினார். என்டரும் அவரே.

பிரிண்டர் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. டீ லிஸ்ட் முழுவதும் வந்தது. முடிந்ததும், பட்டியலுக்குத் திரும்பாமல், மறுபடி முதலிலிருந்து அடித்தது. மறுபடி. தாள் மேஜையிலிருந்து இறங்கித் தரையில் மடிப்பு மடிப்பாக விழுந்தது. எனக்கு வியர்த்துவிட்டது, அந்த ஏசியிலும். கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினேன். மெஷின் நின்று, டெர்மினேட் செய்யட்டுமா, யெஸ் என்றால் 'ஒய்', நோ என்றால் 'என்', என்று கேட்டது.

முதலாளி அந்த வார்த்தையைப் படித்துப் பதறிவிட்டார். "டெர்மினேட் வேணாம்மா! புது மெஷின்மா!" என்று பாய்ந்து, நோவுக்கான 'என்' எழுத்தைத் தட்டினார். பிரிண்டர் மறுபடி கத்தியது.

அதற்குள் முதலாளியம்மா தரையில் கிடந்த தாளைக் கையில் எடுத்துவிட்டார்கள். மேஸ்திரி சொன்னபடியே எல்லாவற்றையும் அடித்திருந்தேன். முதலாளிக்கும் டீ அதே கடையிலிருந்துதான். முதல் வரி: பாஸ், டீ, மூன்று சர்க்கரை. முதலாளிக்குச் சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது.

"என்னங்க, இந்த பாஸ் யாரு?"

முதலாளி ஏசியைப் பார்த்தார்.

"மூணு சர்க்கரையா? ஒரு தடவை இல்ல, எத்தனை தடவை போட்டிருக்கு பாருங்க!" தாளை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி ஓடிவந்து குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். திடீரென்று அமைதி. அந்த அமைதியில் முதலில் சிரித்தது வெள்ளைக்காரர்தான். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது அவருக்கு. ஆனால் புருஷன் மாட்டிக்கொண்ட முகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அடுத்து முதலாளியம்மாவே சிரித்துவிட்டார்கள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஒரே ஒரு எழுத்தை மாற்றி ஃபைலைச் சரிசெய்தேன். லிஸ்டில் முதல் வரியையும் திருத்தச் சொல்லி முதலாளியம்மா சொல்லியனுப்பியிருந்தார்கள். அக்கா வந்து, "ஆர்னா ரயில். அதுவே நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"உன் பட்டியலைப் பத்தி மச்சான்கிட்ட சொன்னேன். பொழிச்சலூர்ல அவர் ஆபீஸ். அங்கயும் இதேபோல செஞ்சு குடுக்கணுமாம்" என்றார். பிறகு தயங்கி, "கடைசி வரியை மட்டும் ரெண்டு தடவை பார்த்துடும்மா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு ஃபிளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பொழிச்சலூர் போனேன். அங்கே மூன்று பெண்கள், ஒரு மெஷின், மானிட்டர் ஓரத்தில் என்னுடையதைப் போலவே ஒரு தாள். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினோம். ஒரு மணி நேரத்தில் கட்டம் போட்டு, எழுத்துகளை அடுக்கி முடித்தேன். அவர்களில் இளையவளிடம், "பில்லுக்கு பி. தட்டுங்க" என்றேன்.

ஒற்றை விரலால் பயந்து பயந்து தட்டினாள். திரையில் அவளுடைய புரோகிராம் வந்து நின்றது. "ஐயோ!" என்று கத்திவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, உடனே உட்கார்ந்து மறுபடி தட்டினாள். மற்ற இரண்டு பேரும் அவளைத் தள்ளிக்கொண்டு, "எனக்கு, எனக்கு" என்றார்கள்.