ஒரு பங்கு டெவலப்பர், ஒரு பங்கு பேட்டரித் தண்ணீர்

வீட்டில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிற தொழிலில் கெடுப்பதற்கு ஆயிரம் வழி உண்டு. கெட்டதைத் திருத்த ஒரு வழியும் கிடையாது. நாளிதழில் படம் எடுத்து ஓய்வுபெற்ற பிறகு, ஆரணியில் என் வீட்டுக் குளியலறையில் இதைச் செய்துவருகிறேன். இதே வியாதி உள்ளவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

போனுக்குத் தடை

பக்கத்துத் தெரு விஜயா பட்டு நெய்கிறவர். இதுவரை முதலாளி கொடுத்த டிசைனையே நெய்தவர், இந்த முறை கரைக்கு ஒரு நெற்கதிரைத் தானே கிராஃப் தாளில் வரைந்து, முதலாளி சம்மதத்தோடு நெய்திருந்தார். வேறொரு பட்டு நிறுவனத்தில் டிசைன் போட ஆள் தேடினார்கள். செய்த வேலையைக் காட்டினால் பார்க்கலாம் என்றார்களாம். படம் எடுத்துத் தரச் சொல்லி விஜயா என்னிடம் வந்தார். சேலையோ அன்று மாலையே தறியிலிருந்து இறங்கி முதலாளியிடம் போய்விடும்.

தறிக்கூடத்தில் போனில் படம் எடுக்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். சேலை கடைக்கு வருமுன்பே டிசைன் வாட்ஸ்அப்பில் பறந்து, பவர்லூமில் நகல் ஓட ஆரம்பித்துவிடும். என் ஃபிலிம் கேமராவைக் காட்டி அனுமதி கேட்டோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல எடுத்துகினு போயி நீங்க என்னிக்கு சார் ஃபார்வர்டு பண்றது? தாராளமா எடுங்க."

கஞ்சி

அன்றே ஒரு சுருள் எடுத்தேன். கூடத்தில் ஒரே பல்பு. தறிக்குப் பின்னால் வெயில் கொட்டும் ஜன்னல். பத்திரிகையில் என்றால், ஃபிலிமில் படத்தை எழுப்பும் டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி ஜல்தியாக முடித்திருப்போம். இங்கே அப்படிச் செய்தால் ஜன்னல் வெளுத்துப் பொங்கும், சேலை இருட்டில் அமுங்கும். பொடியைக் கரைத்து வைத்த டெவலப்பரில் அதே அளவு தண்ணீர் சேர்த்துக் கூடுதல் நேரம் வைத்தால், வெளிச்சம் அடங்கி நிற்கும். இருட்டில் இருப்பது மெல்ல எழுந்து வரும்.

விஜயாவின் சுருளைத் தொடும் தைரியம் உடனே வரவில்லை. மறுநாள் வெறும் தறியை அதே வெளிச்சத்தில் வேறு சுருளில் எடுத்து, அதை இரண்டாக வெட்டி, இரண்டு விதமாகவும் கழுவினேன். தண்ணீர் கலந்த பாதியில்தான் தறியின் மரம் தெரிந்தது. பக்கத்தில் நின்று பார்த்த விஜயாவுக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டில் சாயம் காய்ச்சிப் பழகியவர். "சாயத்துல இவ்ளோ தண்ணி ஊத்தினா பட்டு சிரிக்கும் சார். நீங்க இன்னா, கஞ்சி கணக்கா பண்றீங்க?"

இன்வெர்ட்டரின் தாகம்

எங்கள் போர் தண்ணீரில் கழுவினால் ஃபிலிம் காயும்போது வெள்ளைத் திட்டு விழும். அதனால் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வைத்திருந்தேன். விஜயாவின் சுருளைக் கழுவ வேண்டிய காலையில் கேன் காலி. என் மனைவி கமலா அதை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றியிருந்தாள். ஒரு பெண்ணின் வேலையே அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது என்று கத்தினேன். "போயி வேற கேன் வாங்கியாங்க. கரண்ட் போனா ஃபேன் சுத்தணுமா, உங்க ஃபிலிம் சுத்தணுமா?"

ஐஸ்

டெவலப்பர் இருபது டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதத்து ஆரணியில் குழாய்த் தண்ணீரிலேயே காபி போடலாம். பாட்டிலைச் சுற்றி வைக்க ஜூஸ் கடை பாயிடம் ஒரு வாளி ஐஸ் வாங்கினேன். "வீட்ல விசேஷமா சார்? நம்மள கூப்பிடவே இல்லியே!"

கதிர்

ஃபிலிம் கழுவும் டாங்கியைத் திறந்தபோது விஜயா குளியலறை வாசலில் நின்றார். முதல் சில படங்கள் கை ஆடியதில் வீண். அதற்கப்புறம் கரை முழுக்கக் கதிர் கதிராக இருந்தது, ஒரு மணிகூட அமுங்காமல். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். சேலை கடைக்கு வந்த பிறகு, பிரிண்டை விஜயா அந்த நிறுவனத்தில் காட்டினார். வேலை இன்னும் நிச்சயமில்லை. ஆனால் புதிதாக ஒரு கரை வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே விஜயா வந்து நெகட்டிவைக் கேட்டார். அதில் எல்லாம் மாறியிருக்கும்: சேலையின் வெளுத்த உடலில் ஜரிகைக் கதிர் கறுப்பாக. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது இன்னும் எடுப்பா கீது சார். அடுத்த கரை இதான்."

எந்த டெவலப்பர், எவ்வளவு தண்ணீர் என்று கேட்கிறவர்களே, முதலாவது உங்கள் ஃபிலிமைப் பொறுத்தது, இரண்டாவது உங்கள் வீட்டு இன்வெர்ட்டரைப் பொறுத்தது.