ஐந்து குழாய்களிலும் ஒரே சிவப்பு

பீட்ரூட் துண்டுகள் போட்ட ஐந்து சோதனைக் குழாய்கள். ஐந்திலும் ஒரே சிவப்பு. அமீர்பேட் கல்லூரி ஆய்வகத்தில் அதைப் பார்த்தபோதே, பாடம் நடத்தும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு, குளிர்ந்த நீரில் சாயத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டினால் தாங்காமல் வெளியே விட்டுவிடும். குளிர்ந்த நீருள்ள முதல் குழாய் தெளிவாகவும், சூடு மிகுந்த கடைசிக் குழாய் நல்ல சிவப்பாகவும் இருக்க வேண்டும். குளிர்ந்த நீரிலேயே சாயம் இறங்கியிருந்தால், துண்டுகள் ஏற்கெனவே செத்தவை.

கொன்றவள் நான். முந்தின நாள் துண்டுகளை நறுக்கிக் கழுவிய ஆய்வக உதவியாளர் அக்காவிடம், "ஃப்ரீஸர்ல வைங்க, ஃப்ரெஷ்ஷா இருக்கும்" என்றேன். "ஃப்ரீஸர் நக்கோ, வேணாம் மேடம், ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டு போதும்" என்றார் அவர். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது; பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர் எனக்குச் சொல்வதா என்று எரிச்சல் வந்தது. "சொன்னதைச் செய்யுங்க." உறைந்தால் உள்ளே உருவாகும் ஐஸ், சவ்வைக் கிழித்துவிடும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான்.

அன்று செய்முறைத் தேர்வு; வெளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். எங்களோடு தமிழில் பேசும் துறைத் தலைவர், பிள்ளைகளுக்கும் புரியட்டும் என்று அக்காவைத் தெலுங்கில் திட்டினார். குழாய்களைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார். சிலர் சிரித்தார்கள். பதினோரு வருடம் தற்காலிகமாக உழைத்தவருக்கு அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாக வேண்டியது. ஃப்ரீஸரில் வைத்ததை அக்கா ஒப்புக்கொண்டார். என் பெயரைச் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார். "யாரும்மா வைக்கச் சொன்னது?" என்று துறைத் தலைவர் என்னிடம் கேட்டார்.

"தெரியல சார்."

அன்றே அக்காவின் வேலை போயிற்று. மாலையில் வீட்டுக்குப் போக மௌலா அலி பஸ்ஸுக்கு நின்றவரிடம் ஓடினேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

"ஃப்ரீஸர்ல வெச்சா ஏன் மேடம் அப்படி ஆவுது?" என்று கேட்டார்.

வகுப்பில் நடத்துவது போல விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"ஹவ்" என்று ஆமோதித்தார். "அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று துறைத் தலைவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சவ்வுப் பாடத்தில் சூட்டைப் பற்றி மட்டும் நடத்துகிறேன். உறைவதைப் பற்றிய பக்கத்தைத் தாண்டிவிடுவேன். பரீட்சையில் அதிலிருந்து கேட்டால் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகும். போகட்டும்.