பொல்லாத இருமல்

எண்பதுகளில் பீல் நகரில் நான் குடியிருந்த கட்டடத்தின் காவலாளி ஒரு நெட்டை மனிதர். பேசும்போதுகூடச் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே இருப்பார். வீட்டில் பிராணிகள் வளர்க்கக்கூடாது என்பதில் மிகக் கண்டிப்பானவர்.

சிறகில் அடிபட்ட புறா ஒன்றை நான் குளியலறையில் ஒளித்து வைத்திருந்தேன். சோறு வைத்தால் திரும்பியும் பார்க்காது. குனுகுவதில் மட்டும் குறைவில்லை. ஒரு காலை அது குனுகிக்கொண்டிருக்கும்போதே அவர் கதவைத் தட்டினார். வீடும் போச்சு, விசாவும் போச்சு என்று நினைத்தபடி திறந்து, புறாவைவிடப் பலமாக இருமினேன்.

“இருமலோ?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

“ஓம், பொல்லாத இருமல்.”

உள்ளே புறா மறுபடி குனுகியது. நானும் மறுபடி இருமினேன். அவர் முகம் அசையவில்லை.

மறுநாள் ஒரு கடதாசிப் பையை நீட்டினார். உள்ளே சோளமும் கோதுமை மணியும்.

“இருமலுக்கு. பக்கத்திலை தண்ணியும் வையுங்கோ.”

அன்றுதான் புறா முதன்முதலாக வயிறாரத் தின்றது.

சில வாரங்களில் அது பறந்துபோன அன்று, படிக்கட்டில் அவரைக் கண்டேன்.

“இருமல் எப்பிடி?”

“போட்டுது.”

“எந்தப் பக்கம்?”

“ஏரிப் பக்கம்.”

அவர் யன்னலால் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் சாவிக்கொத்து சத்தமில்லாமல் இருந்ததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.