இரவல் கதிரை

கண்டி டவுனில் சிறு கடைக்காரர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும் சங்கமொன்றில் வேலை செய்தேன். கடையை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. சொன்ன நாளுக்கு முதல் நாளே போய் நின்றால்தான் உண்மை தெரியும் என்பது என் கெட்டித்தனம்.

தையல்கடை செல்வராணி இரண்டாவது மெஷினுக்காகக் கடன் கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமையே போனேன். கடை பூட்டிக் கிடந்தது. யாரிடமும் விசாரிக்காமல் ‘கடை இயங்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். கடன் கிடைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் அங்கே போன் கடை. பக்கத்துப் பழக்கடை அம்மாவிடம், கடன் சங்கத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லிக் கேட்டேன்.

“ஒத்த மெஷின வச்சு வாடகைக்கே காணலன்னு, பிள்ளைகள விட்டுட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா சேர். நீங்க வர்றீங்கன்னுதான் திங்கக்கிழமை கடையப் பூட்டிட்டுப் பெயிண்ட் வாங்கப் போனா. மறுநாள் பூரா, நீங்க உட்கார என்கிட்ட கதிரை இரவல் வாங்கிப் போட்டுட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா.”

நான் போன் கடையைத் திரும்பிப் பார்த்தபடி நின்றேன். களைத்துப் போயிருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் உள்ளேயிருந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

“இதுதான் சேர் அந்தக் கதிரை. உட்காருங்க.”

இன்றுவரை எந்தக் கடையில் கதிரை போட்டாலும் நான் நின்றுகொண்டேதான் பேசுகிறேன்.