சாக்கு அக்கா போட்ட மணல் மூட்டை

தெருவில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. சாக்கு அக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. ரோட்டைத் தோண்டிப் புதிதாகப் போடும் கம்பெனியில் அவளுக்கு ஒரே வேலை. மழைநீர் வடிகாலின் ஒவ்வொரு வாயையும் சுற்றி ஜல்லி மூட்டை அடுக்குவாள். ஜல்லி இடுக்கில் தண்ணீர் கசிந்து உள்ளே போகும், சேறு வெளியே தங்கும். வடிகால் போய் விழுவது ஊரே குடிக்கிற ஏரியில்.

"மூட்டைக்குக் காவலா அக்கா?" என்று எவனாவது கேலி பேசினால், "நீ குடிக்கிற தண்ணிக்குக் காவல்டா, போடா!" என்பாள்.

காரணம் இருந்தது. போன மழையில் வேறொரு தெருவின் சேறு ஏரியில் கலந்து, இரண்டு நாள் பம்பை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் இல்லாமல் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நின்றது. அவள் தம்பி வாரம் மூன்று முறை அந்த மெஷினில் படுக்கிறவன். முகம் வீங்கி, மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே அவன் திணறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

அப்படிப்பட்டவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்! ஜல்லி லாரி வரவில்லை. "மழைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு, மணலைப் போட்டு வை" என்றார் மேஸ்திரி. மணல் மூட்டை தண்ணீரை விடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு நாளைக்குத்தானே என்று அடுக்கிவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கே வானம் பொத்துக்கொண்டது. தோண்டிப் போட்ட மண்ணெல்லாம் கரைந்து பள்ளத்துக்கு ஓடியது. வடிகால் வாய் அங்கேதான். அதன் எதிரே தம்பியின் தையல் கடை.

தண்ணீர் போக வழியில்லாமல் ஏறியது. முதல் படி, இரண்டாம் படி. தம்பி வாசலில் நின்று கத்தினான்.

"அக்கா! மூட்டைய எடு! துணியெல்லாம் தரையில கெடக்கு!"

"எடுத்தா சேறு அப்படியே ஏரிக்குப் போயிடும்டா! நாளைக்கு உனக்கு மெஷின்!"

"நாளைக் கதைய நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப எடுக்கிறியா இல்லியா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் மூட்டைமேல் கைவைத்தார்கள். அவள் நடுவில் புகுந்தாள். "தொட்டீங்க, நடக்கிறதே வேற!"

சாக்கையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். அங்கே முந்தாநாள் ஜல்லி பரப்பிய ரோடு. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள்.

"அடிப்பாவி, போட்ட ரோட்டையே தோண்டுறியே!" மேஸ்திரி அலறினார்.

"மணல் போடச் சொன்னது யாரு? வந்து சாக்கைப் பிடிங்க!"

பிடித்தார். வேறு என்ன செய்வார்! ஒரு மணல் மூட்டையை உருவிய கையோடு அந்த இடத்தில் ஜல்லி மூட்டையைத் திணித்தாள். இப்படிப் பதினொன்று. ஆறாவது மூட்டையை மாற்றும்போது தண்ணீர் தம்பியின் கடைக்குள் நுழைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் கை நின்றுவிடும். கடைசி மூட்டை உட்கார்ந்ததும் தண்ணீர் மெல்ல இறங்கியது. சேறு தெருவிலேயே தங்கியது. கடைக்குள் பத்து நாள் தைத்த துணி மொத்தமும் ஊறிக் கிடந்தது.

மறுநாள் பம்ப் ஓடியது, மெஷினும் ஓடியது. தம்பி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் கட்டில் அருகே நின்றே இருந்தாள்.

"லாரி வரலன்னு மணலைப் போட்டது நான்தான்டா. உன் துணி போனது என்னாலதான்" என்றாள்.

அவன் குழாயில் ஓடும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காலை மடக்கி, அவள் உட்கார இடம் விட்டான்.

"அடுத்த மழைக்கு எத்தனை சாக்கு வேணும்?"

"எதுக்குடா?"

"நேத்து பார்த்தேன், சாக்கு வாயைத் தச்சிருக்கிற லட்சணத்தை. தையல் மெஷின்ல நான் தச்சுத் தரேன். முன்னாடியே ஜல்லிய ரொப்பி வை."